சிங்கிள் மால்ட்: ஓராலை முளைத்தேறல்

'சிங்கிள் மால்ட்' என்னும் விஸ்கி வகையின் பெயரை 'ஒற்றை மால்ட்' என்று பெயர்க்கும்போது, ஒரே பீப்பாயில் ஊறிய மது என்ற தவறான பொருள் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. இங்கே 'சிங்கிள்' சுட்டுவது பீப்பாயை அன்று, மதுவை வடிக்கும் ஆலையை. 'மால்ட்' என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே ஆலையின் கொப்பரை வாலைகளில் (வடிகலன்களில்) வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாய்களில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டுகள் ஊறவைத்ததே சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்று 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் வரையறுக்கின்றன. அந்த ஆலையின் பல பீப்பாய்களைக் கலந்தாலும் பெயர் மாறுவதில்லை.

'விஸ்கி' ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியின் 'உஷ்க பாஹா' என்ற தொடரிலிருந்து வந்தது. அதன் பொருள் உயிர்நீர். லத்தீனின் 'அக்வா விட்டே'க்கும் அதுவே பொருள். ஜான் கோர் என்னும் துறவிக்கு அக்வா விட்டே வடிப்பதற்காக 8 'போல்' (பழைய ஸ்காட்லாந்துத் தானிய அளவை) மால்ட் தரப்பட்டதை 1494ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து அரசுக் கணக்கு குறிக்கிறது.

வாலையிலிருந்து இறங்கும் சாராயம் நிறமற்றது. பொன்னிறத்தை அதற்குத் தருவது மரம். அமெரிக்காவில் பூர்பன் என்னும் மக்காச்சோள விஸ்கி ஊறிய பீப்பாயின் கருக்கிய உட்புறம் வெனிலா, தேங்காய் மணங்களைத் தர, ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் ஊறிய பீப்பாய் உலர்திராட்சை, அத்தி, கிராம்பு ஆகியவற்றை நினைவூட்டும் சுவையைத் தருகிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் லஃப்ரோய்க், ஆர்ட்பெக் போன்ற விஸ்கிகளில் மூக்கைத் தாக்கும் புகைமணம் பீப்பாயிலிருந்து வருவதன்று. முளைகட்டிய ஈரப் பார்லியைக் கரிமண் (மட்கிய தாவரங்களாலான சதுப்புநில எரிமண்) புகையில் உலர்த்தும்போதே அது தானியத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே 'முளை' என்ற சொல்லைத் தமிழ்ப் பெயரிலிருந்து விடுவது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

'பீப்பாய்' போர்த்துக்கீசிய 'பிப்பா'விலிருந்து வந்தது. போர்ட் ஒயின் நிரப்பும் நீள்பீப்பாய்க்கும் அதே பெயர்தான், சில மால்ட்டுகள் இன்றும் அதில் ஊறுகின்றன. மதுவுக்கோ நம்மிடம் 'தேறல்' உண்டு: தேறுதல், தெளிதல் என்னும் பொருளில் பிறந்த சொல். புறநானூற்றின் 129ஆம் பாட்டு 'வாங்கமைப் பழுனிய தேறல்' என்று, வளைந்த மூங்கிற்குழாயில் முதிர்ந்த மதுவைச் சொல்கிறது. அது புளிக்கவைத்த மது, வாலையில் வடித்ததன்று. எனினும் மரத்தாலான கொள்கலனில் முதிர்வதை இத்தனை துல்லியமாகச் சுட்டும் சொல் வேறில்லை என்பதால், 'ஓராலை முளைத்தேறல்' என்பதையே பரிந்துரைக்கிறேன். ஒரே பீப்பாயிலிருந்து புட்டியில் அடைத்ததை மட்டும் 'ஒருபீப்பாய் முளைத்தேறல்' என்று வேறுபடுத்தி எழுதலாம்.