மார்கழியில் ஓடும், சித்திரையில் திக்கும்: வேலூர் ஹாலுக்கு ஒரு ராஸ்பெரி பை மீடியா பிளேயர்

பீரோவில் கல்யாண டிவிடி இருக்கும். போட்டுப் பார்க்க பிளேயர் இருக்காது. அதைப் பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகினால் சில டிவிகளில் சத்தம் மட்டும் வரும், சிலவற்றில் ஒரே நிகழ்ச்சி நாலு துண்டாகத் தெரியும். போனில் எடுத்த வளைகாப்பு வீடியோவைப் பழைய டிவி ஏற்கவே ஏற்காது. இதற்கெல்லாம் ஏடிஎம் கார்டைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு பலகை போதும். ராஸ்பெரி பை என்ற அந்தக் கணினியின் முதல் மாடல் 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. இன்று கிடைக்கும் மாடல்கள் அதைவிடப் பல மடங்கு வேகமானவை.

அதை மீடியா பிளேயராக மாற்றுவது அரை மணி நேர வேலை. சிக்கல் பிறகுதான் வரும். மார்கழியில் வழுக்கிக்கொண்டு ஓடிய பெட்டி, சித்திரை பிறந்ததும் திக்கித் திக்கி ஓடும். படம் நிற்கும், சத்தம் முன்னால் போகும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினால் புதுப் பெட்டியும் அதையே செய்யும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இதை வைப்பவர்கள் வேகத்தைவிடச் சூட்டைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று புரிய, படம் திரைக்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

முழு எச்டி பிரேம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளியும் நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறையும் பதிவது வழக்கம். அதன்படி ஒரு புள்ளிக்குச் சராசரி ஒன்றரை பைட், ஒரு பிரேமுக்கு சுமார் 31 லட்சம் பைட். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நொடிக்கு 75 எம்பி. இரண்டு மணி நேரத்துக்கு 537 ஜிபி. அதே படத்தை நொடிக்கு 8 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால் 7.2 ஜிபியில் அடங்கிவிடுகிறது, அதாவது 75-ல் ஒரு பங்கில்.

மணமேடையைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள பூ அலங்காரம் அடுத்த பிரேமிலும் அதே இடத்தில்தான் இருக்கும். அதை மறுபடி எழுதாமல், ‘முன் பிரேமில் இருந்ததையே வை’ என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கும். மாலை ஏந்திய கை நகர்ந்தால், ‘இந்தக் கட்டத்தை வலப்பக்கம் ஆறு புள்ளி தள்ளு, மிச்ச வித்தியாசம் இவ்வளவு’ என்று இன்னொரு குறிப்பு. எச்.264 என்ற சுருக்கும் முறையில் இந்தக் கட்டம் 16-க்கு 16 புள்ளி. அடுத்து வந்த எச்.265-ல் 64-க்கு 64 வரை போகும். முழுதாக எழுதப்பட்ட பிரேம் இடையிடையேதான் வரும். படத்தை ஓட்டித் தள்ளும்போது நாம் கேட்ட நொடியில் நிற்காமல் சற்று முன்னோ பின்னோ போய் நிற்பது இதனால்தான்.

இந்தக் குறிப்புகளைப் படித்து, நொடிக்கு 24 முறையோ 60 முறையோ முழுப் படமாக விரிப்பதுதான் டிகோடிங். இதற்கென்றே சிப்புக்குள் தனிச் சுற்று இருந்தால் வேலை சொற்ப மின்சாரத்தில் முடியும். இல்லாவிட்டால் எந்த வேலையும் செய்யக்கூடிய பொதுவான சிபியு அதைத் தலையில் போட்டுக்கொள்ளும். படம் வந்துவிடும், ஆனால் மின்சாரம் பல மடங்கு செலவாகும், செலவான மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும்.

பலகையைத் தேர்ந்தெடுப்பதும் இதை வைத்துத்தான். 2019 ஜூனில் வந்த பை 4-ல் எச்.264-க்கு முழு எச்டி வரையும், எச்.265-க்கு 4கே 60 பிரேம் வரையும் தனிச் சுற்றுகள் உண்டு. 2023-ல் வந்த பை 5 அதைவிட மிக வேகமானது. ஆனால் அதில் எச்.265 சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு எச்.264 சுற்றை எடுத்துவிட்டார்கள். அதன் சிபியு அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடும் என்றாலும் சூடு கூடும். வீட்டில் இருக்கும் கோப்புகளில் பெரும்பகுதி எச்.264 என்றால் 2 ஜிபி ரேம் உள்ள பை 4-ஐயே வாங்குங்கள். 4 ஜிபி, 8 ஜிபிக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல கேஸுக்கும் சார்ஜருக்கும் கொடுப்பது மேல். விபி9, ஏவி1 வகைக் கோப்புகளுக்கு இரண்டிலுமே தனிச் சுற்று கிடையாது. 10 பிட் எச்.264 கோப்பும் சிபியு தலையில்தான் விழும். ஒரு குறிப்பிட்ட கோப்பு மட்டும் திக்கினால், அது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

ஒன்றை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கட்டண ஓடிடி சேவைகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இது அதற்கான பெட்டி இல்லை. அந்தச் சேவைகள் உயர்தரப் படம் அனுப்பக் கேட்கும் பாதுகாப்புச் சான்று இந்தப் பலகைக்கு இல்லை. அதற்குக் கடையில் விற்கும் டிவி ஸ்டிக்கே போதும். சொந்தக் கோப்புகளை, எந்த வடிவத்தில் இருந்தாலும், சுருக்கித் தரம் கெடுக்காமல் பார்க்கத்தான் பை.

இனி சூடு. மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. மொட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இருட்டிய பிறகுதான் விடும். வீட்டின் மேற்குச் சுவரும் அப்படியே. நாம் டிவி முன் உட்கார்வதும் அந்த நேரத்தில்தான். சிப்பின் சூடு என்பது சுற்றியுள்ள காற்றின் சூட்டோடு சிப் தானாக ஏற்றிக்கொள்ளும் சூட்டைக் கூட்டியது. ஹாலில் 28 டிகிரி இருக்கும்போது சிப் 66 காட்டினால் அது தானாக ஏற்றிக்கொண்டது 38. அதே பலகை, அதே படம், கத்திரியில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் காற்று 44 ஆனால் சிப் 82-ஐத் தொடும். பை 4 தன் சிப்பைக் காப்பாற்ற 80 டிகிரியில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 85-ல் இன்னும் கடுமையாகக் குறைக்கும். திக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. எதுவும் பழுதாகவில்லை, பலகை தன்னைக் காத்துக்கொள்கிறது.

ஆகவே கேஸ் முழுக்க அலுமினியமாக இருக்கட்டும். சிப்பின் மேல் உட்காரும்படி உள்ளே ஒரு உலோகத் திட்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் ஒட்ட வேண்டும். அதன் இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் தாளையும் உரிக்க மறந்துவிட்டு, கேஸ் சரியில்லை என்பவர்கள் உண்டு. மூடியபின் படம் ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கேஸைத் தொட்டுப் பாருங்கள். கேஸ் சுட்டால் நல்லது, சூடு வெளியே வருகிறது என்று பொருள். கேஸ் ஜில்லென்று இருந்து சிப் மட்டும் 75 காட்டினால் பேட் ஒட்டவில்லை. சின்ன 5 வோல்ட் விசிறியும் உதவும். ஆனால் மூடிய ஷோகேஸுக்குள் அது அதே சூடான காற்றைத்தான் சுற்றிவிடும், தூசியையும் இழுக்கும். விசிறியை நம்புவதைவிட, பெட்டியை ஷோகேஸுக்கு வெளியே கொண்டுவந்து, மேற்குச் சுவரைத் தவிர்த்து, செங்குத்தாக நிறுத்தி வைப்பது பலன் தரும். டிவியின் பின்புற மேல்பகுதியில் ஒட்டாதீர்கள். டிவியின் சூடு வெளியேறும் வழி அது.

முழு உலோகக் கேஸ் வைஃபையைச் சற்று மறைக்கும். போதாததற்கு, யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் மேலேயே விழும். லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை.

சூட்டைப் போலவே வேடம் போட்டு வரும் இன்னொரு கோளாறு, மின்னழுத்தக் குறைவு. பலகைக்கு வரும் 5 வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் அப்போதும் அது வேகத்தைக் குறைக்கும். குற்றவாளி பெரும்பாலும் கேபிள். மலிவான கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். அதில் 1.5 ஆம்பியர் ஓடினால் 0.63 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 5 வோல்ட் கிளம்பி 4.37 வந்து சேரும். தடித்த 20 கேஜ் கம்பியில் அதே தூரத்துக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். பை 4-க்கென்று விற்கும் சார்ஜர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும், அந்த 0.1 கேபிள் இழப்பை ஈடுகட்டத்தான். போனின் வேக சார்ஜரில் 33 வாட், 65 வாட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 9 வோல்ட்டுக்கு மேல் தரும் கணக்கு. 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்கவே வேண்டாம்.

இரண்டையும் பிரித்தறிய நேரத்தைக் கவனியுங்கள். சூட்டால் வரும் திக்கல் படம் தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்து வரும், காலையில் வராது. மின்னழுத்தத் திக்கல் ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கிய உடனே வரும், மழை நாளிலும் வரும். பை 4-ன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான், ஒரு போர்ட்டபிள் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் கணத்தில் அதில் பெரும்பகுதியை இழுத்துவிடும். இரண்டாவது டிஸ்க் வேண்டுமென்றால் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் தேவை.

மென்பொருளுக்கு வருவோம், இது சுலபம். கோடி என்பது 2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்து, 2014-ல் இன்றைய பெயரைப் பெற்ற இலவச மீடியா பிளேயர். அதை ஓட்டுவதற்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்ட சின்ன லினக்ஸ், லிப்ரேஎலெக். கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் நிரலைத் திறந்து, மீடியா பிளேயர் பிரிவில் பை 4-க்கான லிப்ரேஎலெக்கைத் தேர்ந்து, 16 அல்லது 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதுங்கள். கார்டைப் பலகையில் செருகி, மின்துளைக்கு மிக அருகில் உள்ள மைக்ரோ எச்டிஎம்ஐ துளையை டிவியோடு இணையுங்கள். முதலில் டிவி, பிறகு பை என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். தன்னால் எந்த அளவுப் படம் காட்ட முடியும் என்று டிவி சொல்வதைக் கேட்டுத்தான் பை படத்தை அனுப்பும். முதல் முறை கார்டை விரித்துக்கொண்டு தானே ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். அதன்பின் வரும் கேள்விகளில் சம்பா என்ற கோப்புப் பகிர்வு வசதியை ஆன் செய்தால், கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பலாம்.

தனி ரிமோட் தேவையில்லை. எச்டிஎம்ஐ கேபிளின் 13-வது முள், சிஇசி என்ற தகவலுக்கானது. டிவி ரிமோட்டில் அழுத்தும் அம்புக்குறிகள் அதன் வழியே பைக்குப் போய்விடும். போகவில்லையென்றால் டிவி அமைப்புகளில் அது அணைந்திருக்கும். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஒவ்வொரு கம்பெனியும் அதே சிஇசிக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது.

கரண்ட் போனால் என்ன ஆகும்? லிப்ரேஎலெக்கின் இயங்குதளக் கோப்பு படிக்க மட்டுமே திறக்கப்படுவதால் அது எளிதில் கெடாது. ஆனால் கோடி தன் பட்டியலையும் போஸ்டர்களையும் கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் அந்தப் பகுதி சிதையும், பிறகு பெட்டி லோகோவோடு நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடைவிட வேகமாக மாறும். எல்லாம் அமைத்து முடித்ததும் அமைப்புகளில் உள்ள பேக்கப்பை எடுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். படக்கோப்புகளை எஸ்டி கார்டில் வைக்காதீர்கள். டிஸ்க்கை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. விண்டோஸிலும் செருக வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் போதும்.

இனி அந்தக் கல்யாண டிவிடி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். கடைகளில் எழுதித் தந்த டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அது மங்கும். பீரோ மேல் வருடக்கணக்கில் கிடந்த தட்டு, இன்று படிக்கிறது, அடுத்த கோடையில் படிக்காமல் போகலாம். டிவிடி டிரைவ் உள்ள கணினியில் போட்டால், நிகழ்ச்சி 1 ஜிபி அளவுத் துண்டுகளாகத் தெரியும். டிவிடியின் விதியே அப்படி. மேக்எம்கேவி போன்ற நிரல், படத்தைத் தொடாமல் அந்தத் துண்டுகளை ஒரே எம்கேவி கோப்பாகக் கோத்துத் தரும். மறுபடி சுருக்கும் நிரல்களை இங்கே பயன்படுத்தாதீர்கள். இருக்கும் கொஞ்சம் தெளிவும் போய்விடும்.

அந்தக் கோப்பு எம்பெக்-2 வகை. பை 4-ல் அதற்குத் தனிச் சுற்று இல்லை, ஆனால் 720-க்கு 576 புள்ளி மட்டுமே என்பதால் சிபியு அலட்டிக்கொள்ளாது. தொல்லை வேறு. அந்தக் காலத்து வீடியோ கேமரா நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை. நொடிக்கு 50 அரைப் படம் எடுத்தது, ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினால், மாலை மாற்றும் கை நகரும் இடத்தில் மட்டும் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிளந்து தெரியும். படம் ஓடும்போது கோடியின் வீடியோ அமைப்பில் டிஇன்டர்லேஸை ஆன் செய்தால் இது போய்விடும். அதை எல்லாக் கோப்புக்கும் இயல்பாக வைக்கும் பொத்தானும் அங்கேயே உண்டு.

அந்த 50-க்குப் பொருத்தமாக டிவியும் 50 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். 60-ல் ஓடினால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் விட்டுவிட்டு நகரும். சினிமாவுக்கு 24 வேண்டும். பிளேயர் அமைப்பில் ‘திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் பொருத்து’ என்பதைத் தொடக்கத்திலும் முடிவிலும் என்று வைத்தால் கோடியே மாற்றிக்கொள்ளும். அப்போது திரை ஓரிரு நொடி கறுப்பாவது இயல்புதான்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோடியின் மீடியா கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்துக்குப் பதில் சம்பந்தமில்லாத ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் இருக்கிறது. அதை எந்த எழுத்துருவும் சரிசெய்யாது. கணினியில் குறியாக்க மாற்றி ஒன்றில் போட்டு யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.