சுற்றுலாவுக்கு முன் அம்மாவின் பாதங்களைப் பாருங்கள்

ஆடி, ஆவணி வந்தால் என் கிளினிக் வாங்குகளில் கனடாவும் லண்டனும் சுவிஸும் உட்கார்ந்திருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளை ஒட்டி யாழ்ப்பாணம் வருபவர்கள், அது முடிந்த கையோடு ஒரு வானைப் பிடித்து அநுராதபுரம், சிகிரியா, கண்டி, காலி, பிறகு ஏதாவதொரு கடற்கரை என்று ஒரே மூச்சில் சுற்றக் கிளம்புகிறார்கள். ஹோட்டல், வான் வாடகை, சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே பேசியாகிவிடும். கூடவே வரும் எழுபது வயது அம்மாவின் உடம்பு இதற்கு ஈடுகொடுக்குமா என்று கேட்டு வருபவர்கள் குறைவு. போய்வந்து காலைக் காட்டுபவர்கள்தான் அதிகம்.

அதனால் காலில் இருந்தே தொடங்குகிறேன்.

ருவன்வெலிசாய, ஸ்ரீ மகா போதி, பொலன்னறுவை வட்டதாகே, தம்புள்ளைக் குகைக் கோயில், திருகோணமலைக் கோணேசர் கோயில் என எங்கே போனாலும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். நடப்பது கல்லிலும் சீமெந்துத் தரையிலும். உச்சிவெயிலில் அந்தக் கல் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறிக் கிடக்கும். மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடிவிடுவார்கள். பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்து நரம்புகள் மரத்துப் போயிருக்கலாம். சுடுகிறது என்ற செய்தியே மூளைக்குப் போகாது. அவர் ஆறுதலாகக் கும்பிட்டபடி முழுச் சுற்றும் நடந்து முடிப்பார். இரவில் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். வலி இல்லாததால் அதையும் பார்க்காமல் மறுநாள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போவார். இரத்த ஓட்டமும் குறைந்த காலென்றால் அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சிலருக்கு விரலை எடுக்க வேண்டி வருவதும் உண்டு.

வெளிக்கிடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ கிச்சுக்கிச்சு மூட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் சொல்லவேண்டும். இந்த 6 இடங்களில் 2 அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்த கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முன் ஒரு டொக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

பௌத்த தலங்களில் மேசு (காலுறை) போட்டு நடக்கலாம். தடித்த பருத்தி மேசு இரண்டு சோடி எடுத்துப் போங்கள். ஆனால் மேசுகளை நம்பி மத்தியான வெயிலில் இறங்க வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு முன், இல்லாவிட்டால் பின்னேரம் நாலு மணிக்குப் பின். "கோயிலுக்குள்ள மேசோட போகேலாது டொக்டர்" என்பார்கள் அம்மாக்கள். சரி அம்மா, அப்ப விடியற்காலைப் பூசைக்குப் போங்கோ என்பேன். நேர்த்தி வைத்தவரோடு வாதாடுவதைவிட நேரத்தை மாற்றுவது சுலபம். சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து ஓடும் நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலிக்கவில்லை என்றாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சுடாவிட்டாலும் ஒவ்வொரு இரவும் பிள்ளைகளில் ஒருவர் அம்மாவின் பாதத்தை போனில் படமெடுத்துக் காட்டட்டும்.

இந்த நேரக் கணக்கு மற்ற இடங்களுக்கும் பொருந்தும். சிகிரியாவில் கிட்டத்தட்ட 1200 படி. வாசல் திறக்கும் நேரத்திலேயே ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். மேலே குளவிக்கூடுகள் உண்டு, கத்திக் கூத்தாட வேண்டாம். நெஞ்சுவலிக்கு மருந்து எடுக்கும் அப்பா ஏறவே தேவையில்லை. காசியப்ப மன்னன் காலத்து நீர்த்தோட்டம் கீழே சமதரையில் இருக்கிறது. அதை ஆற அமரப் பார்ப்பதே ஒரு காலைக்குப் போதும். பொலன்னறுவையில் நம்மவர்கள் பலர் பாராமலே கடந்துபோகும் வானவன் மாதேவி ஈச்சரத்தையும் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கற்றளி, சின்னக் கோயில், நடையும் அதிகமில்லை.

மருந்துகள். இன்சுலினை நிறுத்திவைத்த வானுக்குள் விடக்கூடாது. கதவு பூட்டிய வான் அடுப்பு மாதிரி. விமானத்தில் வரும்போது கைப்பையில் வையுங்கள், கீழே போகும் பெட்டியில் உறைந்துபோகக்கூடும். பிரஷருக்கோ இதயத்துக்கோ சலம் போகும் குளிசை எடுப்பவர்கள் இந்த வெயிலில் வியர்த்தால் தலைசுற்றி விழலாம். அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் டொக்டரிடம் முதலே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு வழியெல்லாம் செவ்விளநீர் வாங்கிக் கொடுப்பதும் அன்பில்லை. அதில் பொட்டாசியம் அதிகம். வயிற்றோட்டத்துக்கு இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பையில் இருக்கட்டும்.

கடலுக்கு வருவோம். ஆவணியில் மிரிஸ்ஸவில் அறை போட்டுவிட்டு, கடல் சேறும் இரைச்சலுமாக இருக்கிறதே என்று நொந்துகொள்கிறார்கள். விளம்பரப் படங்களில் கடல் எப்போதும் நீலம்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்றுக் காலத்தில் ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா என்று கிழக்குக்குப் போங்கள். மார்கழிக்குப் பின் பங்குனி வரை தெற்கு நல்லது. காலிக் கோட்டையை எந்த மாதமும் பார்க்கலாம், மதில் மேலிருந்து கடலைப் பார்ப்பதோடு நின்றால் சரி. சின்னப் பிள்ளைகளுக்கு ஆழம் குறைந்த காரைநகர் கசூரினாவே போதும், அங்கேயும் கண்காணிப்பு வேண்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காதீர்கள். கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி இழுவையைவிட்டு விலகி, பிறகு திரும்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். குடித்துவிட்டும் இறங்க வேண்டாம். இதைச் சொன்னால் மாமாமார் சிரிக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இரவுப் பயணத்தில்தான். பத்து, பன்னிரண்டு மணி நேரம் பறந்து நள்ளிரவில் கட்டுநாயக்காவில் இறங்கி, அதே இரவில் வான் வண்டியில் நேரே யாழ்ப்பாணம். சாரதி முதல்நாளும் தூங்கியிருக்க மாட்டார். மணிக்கணக்காக மடங்கிக் கிடந்த கால்களில் இரத்தம் உறைந்து கட்டிபடும் ஆபத்தும் கூடுகிறது. நீர்கொழும்பில் ஒரு இரவு படுங்கள். மறுநாள் அநுராதபுரத்தில் தங்கி, விடியக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். சுற்றுலாவில் ஒரு நகரம் அதிலேயே முடிந்துவிடும். பிறகு அதற்காக இன்னொரு தடவை ஓடத் தேவையில்லை. வழியில் ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு முட்டினாலோ 1990 அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நாய், குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று கொடுத்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். அஸ்பிரின், புரூபன் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகும், ஆகவே சூடு குறைந்ததும் பயணத்தைத் தொடராதீர்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், இலங்கைக்குப் போய் வந்தோம் என்பதை அங்குள்ள டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.