கட்டைவிரல் நகத்தில் அடங்கும் தவளைக்குப் பெயர் வைப்பது

ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் என் கைப்பேசிக்குத் தவளைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். வால்பாறைக்கும் கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் சென்று வந்தவர்கள், தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிபவர்கள், விலங்கியல் படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் இலைமேல் அமர்ந்திருக்கும் ஒரு சிறு தவளையைப் படமெடுத்து அனுப்பி, "இது புதிய இனமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் பெரும்பாலான படங்களுக்கு நான் தரக்கூடிய நேர்மையான பதில், "இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது" என்பதாகவே இருக்கிறது. அந்தப் பதிலின் பின்னணியையும், சிறு தவளை ஒன்றுக்கு அறிவியல் பெயர் கிடைக்கும் வரை நடக்கும் வேலையையும் விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நிக்டிபாட்ராகஸ் என்ற பேரினத்தைத்தான் இரவுத் தவளைகள் என்று அழைக்கிறோம். ஏறத்தாழ 7 முதல் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனிக்கிளையாகப் பிரிந்துவிட்ட தொன்மையான மரபு அது. சோனாலி கார்க், எஸ்.டி. பிஜு ஆகியோர் அடங்கிய குழு, ஐந்து ஆண்டுக் களப்பணிக்குப் பிறகு 2017 பிப்ரவரியில் இந்தப் பேரினத்தில் ஏழு புதிய இனங்களை ஒரே ஆய்வுக் கட்டுரையில் விவரித்தது. அதுவரை 28 ஆக இருந்த இனங்களின் எண்ணிக்கை அதனால் 35 ஆனது. அந்த ஏழில் நான்கு இனங்களின் உடல் நீளம் 12.2 முதல் 15.4 மில்லிமீட்டர் மட்டுமே. ஐந்து ரூபாய் நாணயத்தின் நடுவில் வைத்தால் சுற்றிலும் இடம் மிஞ்சும். அவற்றுள் ஒன்று மணலாற்றின் பெயரையும் மற்றொன்று சபரிமலையின் பெயரையும் தாங்கியுள்ளன. இவ்வளவு காலம் கண்ணில் படாததால் அவை மிக அரியவை என்று தோன்றக்கூடும். உண்மையில், தாம் வாழும் இடத்தில் அவை நல்ல எண்ணிக்கையில் இருந்தன. உருவம் மிகச் சிறியது. பிற இரவுத் தவளைகளைப் போல ஓடைக் கற்களில் இல்லாமல் ஈரச் சருகுக்கும் சதுப்புப் புல்லுக்கும் அடியில் ஒளிந்து வாழ்பவை. குரலோ பூச்சியின் குரலைப் போன்றது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அவற்றை ஆய்வாளர்களின் கவனத்திலிருந்து மறைத்து வைத்திருந்தன.

குரல் எப்படி நம்மை ஏமாற்றும் என்பதை நானே காட்டில் கற்றுக்கொண்டேன். அகத்தியமலைப் பகுதியில் ஒரு ஜூலை மாத இரவு, காணி சமூகத்தைச் சேர்ந்த என் களத்துணைவர் சட்டென்று நின்று விளக்கை அணைக்கச் சொன்னார். காட்டில் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்த சில்வண்டுச் சத்தத்தில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. "சார், வண்டு விடாம கத்தும். இது நம்ம காலடி கேட்டதும் நிறுத்திடுச்சு பாருங்க" என்றார் அவர். இருவரும் அசையாமல் நின்றோம். நான்கைந்து நிமிடங்களுக்குப் பிறகு அந்தக் குரல் மறுபடியும் தொடங்கியது. ஒலி வரும் திசையை இருவரும் வெவ்வேறு இடத்திலிருந்து குறித்துக்கொண்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தில் சருகை ஒவ்வோர் இலையாக விலக்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி இலைக்கு அடியில், உளுந்தைவிடச் சற்றே பெரிய தலையும் மண் நிறமும் கொண்ட ஓர் ஆண் தவளை, தொண்டையின் குரல்பை இன்னும் முழுதாகச் சுருங்காத நிலையில் அமர்ந்திருந்தது. பப்புவா நியூகினியில் 7.7 மில்லிமீட்டர் சராசரி நீளமே உள்ள பீடோஃப்ரைன் அமாவென்சிஸ் என்ற தவளையையும் இப்படித்தான், பூச்சியொலி போன்ற குரலைத் தொடர்ந்து சென்று, சருகைக் கையளவாக ஒளிபுகும் பையில் அள்ளிப்போட்டு, ஒவ்வோர் இலையாகப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 2012-இல் அது உலகின் மிகச் சிறிய முதுகெலும்பி என்று அறிவிக்கப்பட்டது.

கண்டுபிடித்ததும் எழும் முதல் கேள்வி, இது சிறிய இனமா அல்லது பெரிய இனத்தின் குஞ்சா என்பதாகும். இந்தக் கேள்விக்கு விடை தராத எந்த அறிவிப்பையும் நான் ஏற்பதில்லை. தவளைகள் தம் முதிர்ந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே முழுத் தவளையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகின்றன. 12 மில்லிமீட்டர் குஞ்சும் 12 மில்லிமீட்டர் முதிர்ந்த தவளையும் படத்தில் ஒன்றாகவே தெரியும். வேறுபாட்டைக் காட்டுவது இனப்பெருக்க முதிர்ச்சியின் அடையாளங்களே. குரல் கொடுத்து அழைக்கும் தவளை பெரும்பாலும் முதிர்ந்த ஆணாகவே இருக்கும். இரவுத் தவளைகளில் பெரும்பாலான இனங்களின் ஆண்களுக்குத் தொடையின் உட்புறத்தில் சற்றுப் புடைத்த சுரப்பி இருக்கும். வேறு சில பேரினங்களில் ஆணின் முன்கால் விரலில் சொரசொரப்பான பட்டை தோன்றும். பெண்ணாக இருந்தால், வயிற்றின் மெல்லிய தோல் வழியே முட்டைகள் தெரிகின்றனவா என்று விளக்கொளியில் பார்க்கலாம். இவற்றுள் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் குறிப்பேட்டில் "முதிர்ச்சி உறுதியாகவில்லை" என்று எழுதி நிறுத்திக்கொள்வதே முறை.

அடுத்து அளவெடுப்பு. மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரையிலான நீளமே உடல் நீளம். கால்களை நீட்டி அளப்பதில்லை. தலையின் அகலம், தலையின் நீளம், கண்ணின் விட்டம், கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையிலான தொலைவு, செவிப்பறையின் விட்டம், தொடை, கீழ்க்கால், பாதம் என்று இருபதுக்கும் மேற்பட்ட அளவுகளை வெர்னியர் அளவுகோலால் 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் எடுக்கிறோம். இவ்வளவு சிறிய உடலில் அளப்பவரின் கை சற்று அழுந்தினாலும் எண் மாறிவிடும் என்பதால், ஒருவரே எல்லா மாதிரிகளையும் அளக்க வேண்டும். இயன்றால் நுண்ணோக்கியின் கீழ் அளக்க வேண்டும். எண்களைவிட முக்கியமானவை அமைப்புகள்: விரல் நுனியில் வட்டு விரிந்திருக்கிறதா, அந்த வட்டின் ஓரத்தில் பள்ளம் ஓடுகிறதா, பின்கால் விரல்களுக்கிடையில் சவ்வு எதுவரை வருகிறது, செவிப்பறை வெளியே தெரிகிறதா, கண்ணின் பாவை கிடைமட்டமாக இருக்கிறதா, முதுகுத் தோல் வழவழப்பானதா சுருக்கம் விழுந்ததா, உள்ளங்கால் முண்டுகள் எங்கே அமைந்துள்ளன என்பவை. கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் தவளையின் முதுகை மட்டுமே காட்டுகின்றன. புதர்த் தவளைகளிலோ, முதுகின் நிறம் ஒரே இனத்துக்குள்ளேயே பச்சை, பழுப்பு, சாம்பல் எனப் பலவாறு மாறும். பல இனங்களைப் பிரித்துக்காட்டும் நிறங்களும் கோடுகளும் இடுப்பின் பக்கவாட்டிலும் தொடையின் உட்புறத்திலும் மறைந்திருப்பதால், அமர்ந்திருக்கும் தவளையில் அவை தெரிவதே இல்லை.

அந்த மறைந்த நிறத்தால் நான் ஒரு பருவத்தையே இழந்திருக்கிறேன். ஆய்வைத் தொடங்கிய காலத்தில், கனமழையில் நடுங்கியபடி முகாமுக்குத் திரும்பி, தவளையின் நிறத்தை மறுநாள் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாதிரியைப் பதப்படுத்தி ஆல்கஹாலில் இட்ட பிறகே குறிப்பேட்டைத் திறந்தேன். தொடை இடுக்கில் நான் பார்த்தது வெளிர்நீலமா, நீலம் கலந்த சாம்பலா என்று நினைவிலிருந்து உறுதியாக எழுத முடியவில்லை. குப்பிக்குள் எல்லாம் சாம்பலாகிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்து அதே ஓடைக்குத் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று. அன்று முதல் என் மாணவர்களிடம், உடை மாற்றுவதற்கு முன்பே உயிருள்ள தவளையின் முதுகு, வயிறு, பக்கவாடு, தொடை ஆகிய நான்கையும் படமெடுத்து நிறங்களை எழுதிவிட வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறேன்.

உருவம் சொல்லாததைப் பல நேரங்களில் குரல் சொல்லிவிடும். பெண் தவளை தன் இனத்து ஆணைக் குரலைக்கொண்டே அடையாளம் காண்கிறது. ஆகவே ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாழும் இரண்டு வகைகள் தெளிவாக வேறுபட்ட குரல்களைக் கொண்டிருந்தால் அவை தனித்தனி இனங்கள் என்பதற்கு அது வலுவான சான்றாகும். ஆனால் காற்றின் வெப்பநிலை குறைந்தால் அழைப்பின் வேகமும் குறையும். வெப்பநிலையைக் குறிக்காத ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு எழுதப்படும் வேறுபாட்டை நம்ப முடியாது. டிஎன்ஏ ஆய்வும் அப்படியே. 16எஸ் எனப்படும் மரபணுப் பகுதியில் 3 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைத் தனி இனமாகக் கருத இடமுண்டு என்ற பொதுவான வழிகாட்டுதல் இருக்கிறது. அந்த எண் மேற்கொண்டு தேடச் சொல்லும் கைகாட்டி மட்டுமே. உருவம், குரல், மரபணு, வாழிடம் ஆகிய சான்றுகளுள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே திசையைக் காட்டும்போதுதான் பெயர் வைக்கும் துணிவு வர வேண்டும் என்பது என் கருத்து.

பெயர் வைப்பதற்கு ஒரு தவளையின் உயிரை எடுக்க வேண்டுமா என்று பலர் வருத்தத்துடன் கேட்கிறார்கள். நியாயமான வருத்தம்தான், எனக்கும் அது ஒவ்வொரு முறையும் இருக்கிறது. இதற்கான விடை நம் அருகிலேயே இருக்கிறது. பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பணியாற்றிய சி.ஆர். நாராயண் ராவ் 1937-இல் தென்னிந்தியாவின் பல தவளைகளுக்குப் பெயர் வைத்தார். அவர் கல்லூரியில் சேர்த்து வைத்திருந்த மூல மாதிரிகள், அதாவது பெயர் சூட்டுவதற்கு அடிப்படையாகக் கொண்டு பதப்படுத்தி வைத்த தவளை உடல்கள், பிற்காலத்தில் காணாமற்போயின. அதன் விளைவாக, அவர் சூட்டிய பெயர்களுள் சில எந்தத் தவளையைக் குறிக்கின்றன என்பதை அறிய அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அவர் எழுதிய வரிகளை மட்டுமே வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் தேட வேண்டியதாயிற்று. 2010-இல் புதர்த் தவளைகளின் ஒரு பேரினத்துக்கு ராவோர்செஸ்டெஸ் என்று அவர் பெயரையே சூட்டினார்கள். அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர். மூல மாதிரி என்பது, நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் ஐயம் கொண்டாலும் எடுத்துப் பார்த்து ஒப்பிடக்கூடிய சாட்சி. ஆகவே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன், தேவையான மிகக் குறைந்த எண்ணிக்கையில், மயக்க மருந்து கொடுத்து, வலியின்றி இது செய்யப்பட வேண்டும். திசுவை முதலில் எடுத்துத் தூய ஆல்கஹாலில் வைத்த பிறகே உடலை ஃபார்மலினில் இட வேண்டும். வரிசை மாறினால் டிஎன்ஏ கெட்டுவிடும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, புதிய இனத்தின் மாதிரியை இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். தனிப்பட்ட அலமாரியில் வைத்திருப்பது ஆய்வாகாது.

பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரு தவளையின் வாழ்வில் என்ன வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ராவோர்செஸ்டெஸ் சலசோடெஸ் என்ற பச்சைப் புதர்த் தவளையைச் சொல்லலாம். 1876-இல் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்ட பிறகு அதை யாரும் கண்டதாகப் பதிவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகுதான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். பழைய பெயரும் விவரணையும் இருந்ததால்தான் தேடிச் செல்ல முடிந்தது. கண்டதும் இன்னதென்று சொல்லவும் முடிந்தது. பிறகு களக்காடு முண்டந்துறைப் பகுதியில் நடந்த ஆய்வில், இத்தவளை ஓடையோரத்தில் வளரும் மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கு இடையே, பூச்சிகளும் எலிகளும் போட்ட சிறு துளை வழியாக நுழைந்து, உள்ளே முட்டையிடுவது 2014-இல் தெரிய வந்தது. ஆண் தவளை அந்தக் குழலுக்குள்ளேயே தங்கி முட்டைகளைக் காக்கிறது. புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். குளமோ குட்டையோ தேவைப்படாத இந்தத் தவளைக்கு, துளையுள்ள ஒரு மூங்கில் தேவைப்படுகிறது. எந்த மூங்கிலை எந்தப் பருவத்தில் வெட்டலாம் என்ற முடிவை ஒரு வன அலுவலர் எடுப்பதற்கு இந்தத் தகவல் வேண்டும். தவளைக்குப் பெயர் இல்லாதிருந்தால் இந்தத் தகவலைச் சேர்த்து வைக்கவே இடமிருந்திருக்காது. 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி நீர்நில வாழ்விகளில் 40.7 சதவீத இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. பெயரில்லாத இனம் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

இனி, காட்டுக்குச் செல்பவர்களிடம் என் வேண்டுகோள். தவளையைக் கையில் எடுக்காதீர்கள். அதன் தோல் நீரையும் காற்றையும் உள்ளிழுக்கும் உறுப்பு; அட்டை ஏறாமலிருக்கக் கையில் தடவிய மருந்தும் கொசு மருந்தும் அதற்கு நஞ்சு. படத்துக்காகச் சருகைக் கிளறுவதும் கற்களையும் மரக்கட்டைகளையும் புரட்டிவிட்டு அப்படியே செல்வதும் கூடாது. 12 மில்லிமீட்டர் உயிர் உங்கள் காலணிக்கு அடியில் இருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குச் செல்லும்போது காலணிச் சேற்றை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்; உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. அரிய தவளையின் துல்லியமான இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் படங்களைப் பகிரும் தளங்களில் பதிவேற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

படம் எடுப்பதானால் முதுகோடு நிற்காமல், தவளையைத் தொடாமலேயே பக்கவாட்டிலிருந்தும், அது இலையின் மறுபுறமோ கண்ணாடியின் மேலோ தானாக ஏறியிருந்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்தும் எடுங்கள். அதைவிடப் பயனுள்ளது ஒலிப்பதிவு. விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைக் குரல் வரும் திசையில் நீட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பதிவு செய்யுங்கள். முடிந்ததும் பதிவை நிறுத்தாமல், தேதி, நேரம், ஊர், மழை பெய்ததா, குளிர் எப்படி, குரல் தரையிலிருந்து வந்ததா மரத்திலிருந்து வந்ததா என்பவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு நிறுத்துங்கள்.