மாநாட்டில் கிடைத்த அறிமுகம் நீதிமன்றத்தில் செல்லாது

பன்னாட்டுச் சட்ட மாநாடு ஒன்றில் நீதிபதியோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தைக் காட்டி, ‘அவர் எனக்கு நெருக்கமானவர், கவலைப்படாதீர்கள்’ என்று சொன்ன வழக்கறிஞரை நம்பி, வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு பணத்தைக் கொடுத்துவிட்டு, மேல்முறையீட்டுக்கான காலவரம்பும் கடந்துபோன பிறகு ஆவணக் கட்டுகளோடு ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்திருக்கிறார். இப்படி வருகிறவர்களில் இவர் முதலாமவர் அல்லர். இவருடைய வழக்கில் வலுவான சட்டவாதம் ஒன்று இருந்தது. அதை உரிய நேரத்தில் எழுத்தில் வைத்திருந்தால் போதும். நீதிபதியிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எவரும் எதையும் எழுதவில்லை. போன பணத்தை விடவும், அந்த வாதம் எந்த நீதிபதியின் காதையும் எட்டாமலே போனதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

இதேபோன்ற புகைப்படத்தைப் பார்த்துவிட்டு நேரெதிரான கோரிக்கையோடு வருகிறவர்களும் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் தங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதியும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், ஆகவே அந்த நீதிபதி விலக வேண்டும் என்று மனுப் போடும்படி அவர்கள் வற்புறுத்துகிறார்கள். முன்னவர் அந்த அறிமுகத்தை விலைகொடுத்து வாங்கப் பார்க்கிறார்; பின்னவர் அதைக் கண்டு அஞ்சுகிறார். இருவரையும் அலைக்கழிப்பது ஒரே தப்பெண்ணம்தான்: நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நீதிமன்றத்துக்கு வெளியே சந்தித்துக்கொண்டால், அங்கே வழக்குகள் பேசி முடிக்கப்படுகின்றன என்பது.

அந்த மாநாடுகள் எதற்காக நடக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பெற்றோரில் ஒருவரால் சட்டவிரோதமாகக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தையை மீட்பதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்கீழ் ஒரு நாட்டு நீதிமன்றம் ஆணையிட்டால், குழந்தை திரும்பிச் சென்ற பிறகு அங்கே என்ன பாதுகாப்பு கிடைக்கும் என்பது மறுநாட்டு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு நீதிபதிகள் இதை எப்படி ஒருங்கிணைப்பார்கள்? 1998இல் நெதர்லாந்தின் தெ ரூவென்பெர்க்கில் நீதிபதிகளுக்காக நடந்த கருத்தரங்கில்தான், ஒவ்வொரு நாட்டிலும் தொடர்புக்கென ஒரு நீதிபதியை வைத்துக்கொள்ளும் ஹேக் நீதிபதிகள் வலையமைப்பு என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. பல நாடுகளில் சொத்து வைத்திருக்கும் நிறுவனம் நொடித்துப்போனால் அந்தந்த நாட்டு நீதிமன்றங்கள் தமக்குள் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம் என்பதும், ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1997இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் இடம்பெறுவதற்கு முன்பு, நீதிபதிகளும் நொடிப்புத்துறை வழக்கறிஞர்களும் கலந்துகொண்ட கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது. வழக்கறிஞர்கள் தம் கட்சிக்காரர்களின் அனுபவத்திலிருந்து தொல்லைகளைச் சொல்லாமல், நீதிபதிகள் தம் இருக்கையிலிருந்து தெரிகிற தடைகளைச் சொல்லாமல், இத்தகைய விதிகள் உருவாகியிருக்க முடியாது. ஆகவே இந்தச் சந்திப்புகளை நிறுத்த வேண்டும் என்று கேட்கிறவர்களோடு நான் உடன்படவில்லை.

இப்போது அந்தத் தப்பெண்ணத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சுருக்கமாகச் சொன்னபோதெல்லாம் எவரும் நம்பவில்லை.

பாரிஸ்டர் மரபுள்ள நாடுகளில் நீதிபதிகளில் பெரும்பாலோர் முன்னாள் வழக்கறிஞர்கள். உங்கள் வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் பல ஆண்டுகளாக அந்த நீதிபதியைத் தெரிந்திருப்பது இயல்பு; ஒருவர் எதிரே ஒருவர் நின்று வாதாடியவர்களாகவும் இருக்கக்கூடும். அறிமுகமே ஒருதலைச் சார்புக்குச் சான்று என்றால் அந்த நாடுகளில் ஒரு வழக்கைக்கூட விசாரிக்க முடியாது. இதை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 நவம்பரில், லோக்காபெயில் வழக்கில், வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னது. ஒரே வழக்கறிஞர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது, ஒரே வட்டாரத்தில் தொழில் செய்திருப்பது, சட்டப் பொருள்பற்றி உரையாற்றியிருப்பது ஆகியவை சாதாரணமாக ஆட்சேபத்துக்கு அடிப்படையாகா என்றும், தனிப்பட்ட நட்போ பகையோ நெருங்கிய பழக்கமோ இருந்தால் நிலைமை வேறு என்றும் அது பிரித்துக் காட்டியது. நடுவர் தீர்ப்பாயங்களிலும் இதே நிலைதான். பன்னாட்டு வழக்கறிஞர் சங்கம் 2004இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய நலமுரண் வழிகாட்டு நெறிகளில், எவற்றை வெளிப்படுத்தத் தேவையே இல்லை என்று வகைப்படுத்தும் பச்சைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கட்சிக்காரரின் வழக்கறிஞரோடு நடுவர் ஒரே மாநாட்டில் பேச்சாளராகவோ நெறியாளராகவோ இருந்தது அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

நீதிமன்றங்கள் இதை அளக்கும் அளவுகோலும் கட்சிக்காரரின் மனக்கலக்கம் அன்று. நியாய மனமும் விவரமும் உள்ள ஒரு பார்வையாளர், எல்லா உண்மைகளையும் தெரிந்துகொண்ட பிறகு, ஒருதலைச் சார்புக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று கருதுவாரா என்பதே கேள்வி. ‘விவரமுள்ள’ என்ற நிபந்தனையைக் கட்சிக்காரர்கள் கவனிப்பதே இல்லை. சட்ட மாநாடு என்றால் என்ன, அங்கே ஒரே அமர்வில் எத்தனை பேர் பேசுகிறார்கள், தேநீர் இடைவேளையில் யார் யாரோடெல்லாம் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பார்வையாளருக்குத் தெரியும். உங்கள் கையில் இருக்கும் புகைப்படம் அவரை அசைக்காது.

இனி அந்த அறிமுகத்தை வாங்க நினைப்பவர்களுக்கு. தயவுசெய்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழக்கறிஞர் சொல்லும் நெருக்கம் பொய்யானால், இல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அது மெய்யானால், அந்த நீதிபதி உங்கள் வழக்கிலிருந்து விலக வேண்டியவர். விலகினால் வழக்கு புதிய அமர்வுக்குப் போகும், வாய்தா மேல் வாய்தா விழும், செலவு ஏறும். விலகாமல் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, நெருக்கம் பின்னால் வெளியே வந்தால், அந்தத் தீர்ப்பே ரத்தாகும்; வென்றவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த வழியில் போனாலும் அந்த நெருக்கத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. 2001இல் பெங்களூரில் வரைவாகி, 2002 நவம்பரில் ஹேக் நகரின் அமைதி மாளிகையில் இறுதிசெய்யப்பட்ட நீதித்துறை நடத்தைக்கான பெங்களூர் கோட்பாடுகள் இதையும் விட்டுவைக்கவில்லை. தம்மிடம் முறையற்ற செல்வாக்கைச் செலுத்தும் தனி நிலையில் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தை நீதிபதி தாமும் ஏற்படுத்தக் கூடாது, பிறர் ஏற்படுத்தவும் இடம்கொடுக்கக் கூடாது என்கின்றன அவை. உங்களிடம் புகைப்படத்தைக் காட்டியவர், அந்த நீதிபதிக்கே தெரியாமல், அவருடைய பெயரைத்தான் விற்றிருக்கிறார்.

நீதிபதிகள் மீது ஐயமே எழக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐயப்பட வேண்டிய இடங்கள் வேறு. அவை புகைப்படத்தில் தென்படுவதும் இல்லை. 1998 நவம்பரில், சிலி நாட்டின் முன்னாள் ஆட்சியாளர் பினோசேவுக்கு நாடுகடத்தலிலிருந்து விலக்குரிமை இல்லை என்று பிரிட்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையில் இருந்த ஹாஃப்மன் பிரபு, அந்த வழக்கில் இடையீட்டாளராகச் சேர்ந்திருந்த ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்போடு பிணைந்த அறக்கட்டளை நிறுவனத்தின் இயக்குநராகவும் தலைவராகவும் இருந்தவர். அவருடைய நேர்மையை எவரும் குறைசொல்லவில்லை. ஆயினும் அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, வேறு அமர்வு மறுபடியும் விசாரித்து 1999 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் ஒரு தரப்பாக நிற்கும் அமைப்போடு நீதிபதிக்குப் பதவித் தொடர்பு உண்டா என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. மாநாட்டுக்கு வருகிற நீதிபதியின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் யார் ஏற்கிறார்கள், புரவலர்களில் எவருக்கேனும் அவர் முன்னால் வழக்கு இருக்கிறதா என்று அமைப்பாளர்கள் கேட்க வேண்டியதும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று, மேடையில் பேசப்படும் சொற்கள். லோக்காபெயிலோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட டிம்மின்ஸ் வழக்கில், விபத்து இழப்பீட்டு வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்களைக் கடுமையாகச் சாடிச் சட்ட இதழ்களில் எழுதிவந்த ஒருவர் நீதிபதியாக அமர்ந்து அத்தகைய வழக்கொன்றில் தீர்ப்பளித்திருந்தார், மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. 2000இல் ஸ்காட்லாந்தின் ஹூக்ஸ்ட்ரா வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைச் செய்தித்தாள் கட்டுரையில் கடுமையாக விமர்சித்த நீதிபதி இடம்பெற்றிருந்த அமர்வின் முடிவு, அதே உடன்படிக்கையைச் சார்ந்து வாதாடிய மேல்முறையீட்டாளர்களின் ஆட்சேபத்தால் நீக்கப்பட்டது. சட்டத்தைப் பற்றி நீதிபதி பேசலாம், எழுதலாம், கற்பிக்கலாம். தம்முன் வரக்கூடிய வழக்கில் தம் மனம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று தோன்றும்படி பேசுவது வேறு. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்படுவது கண்கூடாகத் தெரியவும் வேண்டும் என்ற புகழ்பெற்ற 1924ஆம் ஆண்டு சசெக்ஸ் தீர்ப்பிலும் தவறாக எதுவும் நடந்ததாகச் சான்றில்லை. எதிர்த்தரப்பின் சட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவரான நீதிமன்ற எழுத்தர், நீதிபதிகள் முடிவெடுக்கச் சென்ற அறைக்குள் உடன் சென்றார். அங்கே அவர் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆயினும் தண்டனை ரத்தானது.

என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களுக்கு இனிச் சொல்வதில் கண்டிப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, ‘ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம்’ என்று தொடங்கி, உங்கள் நிலுவையிலுள்ள வழக்கின் விவரங்களை வரிசையாக அடுக்கி நீதிபதியின் கருத்தைக் கேட்காதீர்கள். அந்த அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் அது எந்த வழக்கு என்று தெரியும். பெங்களூர் கோட்பாடுகளின்படி, நிலுவையிலுள்ள அல்லது தம்முன் வரக்கூடிய வழக்கின் முடிவைப் பாதிக்கக்கூடிய கருத்தை நீதிபதி தெரிந்தே சொல்லக் கூடாது. அவரை அந்த நெருக்கடிக்கு ஆளாக்குவது மரியாதைக் குறைவு. அவர் தெரியாமல் பதில் சொல்லிவிட்டால், உங்கள் கட்சிக்காரர்தான் அந்த நீதிபதியை இழப்பார். நெறியாளராக இருப்பவர்கள் இத்தகைய கேள்வியை அங்கேயே தடுத்துவிட வேண்டும். நான் நெறியாளராக இருந்த அமர்வுகளில் தடுத்திருக்கிறேன், கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்த நீதிபதியைத் தனியே விருந்துக்கு அழைக்காதீர்கள். தற்செயலாகச் சந்தித்தால் வணக்கம் சொல்லுங்கள், வழக்கைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் பேசுங்கள். வழக்கைப் பற்றிய பேச்சு எப்படியோ வந்துவிட்டால், மறுநாளே எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். படத்தை வெளியிடுவதற்கு முன்பு, அதில் இருக்கும் நீதிபதி முன்னால் உங்களுக்கு வழக்கு உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் வெளியிடாதீர்கள். சில அமர்வுகள் சாட்டம் ஹவுஸ் விதியின்கீழ் நடக்கின்றன. 1927இல் லண்டனில் வகுக்கப்பட்ட அந்த விதியின்படி, கேட்ட செய்தியைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அதைச் சொன்னவர் யார் என்பதையோ அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையோ வெளியிடக் கூடாது. அதை மீறி, ‘இந்த நீதிபதி இப்படிச் சொன்னார்’ என்று கட்சிக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர்களால், அடுத்த அமர்வில் நீதிபதிகள் எதையும் மனம்விட்டுப் பேசாமல் போகிறார்கள்.

கட்சிக்காரர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வக்காலத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு, நீதிபதியைத் தெரியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்காதீர்கள். என் வழக்கில் உள்ள பலவீனம் என்ன, எந்தச் சட்டக் கேள்வியை முன்வைக்கப் போகிறீர்கள், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிமுகத்தைச் சொல்லிக் கூடுதல் தொகை கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்த பிறகு தெரியவந்தால், வழக்கறிஞர்களின் ஒழுங்கு நடவடிக்கை அமைப்பிடம் புகார் செய்யுங்கள்.

நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் இடையே பணத்தொடர்போ, பதவித்தொடர்போ, நெருங்கிய நட்போ இருப்பதற்கு உண்மையான ஆதாரம் கிடைத்தால், தீர்ப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தும் மௌனமாக இருந்தவர் ஆட்சேபிக்கும் உரிமையைக் கைவிட்டவராகவே கருதப்படுவார். லோக்காபெயில் தீர்ப்பும் இதைச் சொல்கிறது. தெரிந்த அன்றே உங்கள் வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள். என்ன தொடர்பு, எப்போதிலிருந்து, எப்படித் தெரியவந்தது என்று அவர் முதலில் எதிர்த்தரப்புக்கு எழுதி விளக்கம் கேட்பார். பெரும்பாலான ஐயங்கள் அந்தப் பதிலோடு தீர்ந்துவிடும். தீராதவற்றை அடுத்த விசாரணை நாளுக்கு முன்பே மனுவாக நீதிபதியின் முன் வைக்கலாம், அதையும் எதிர்த்தரப்பின் முன்னிலையிலேயே.