மெயில் தேதியின் வாலை வெட்டாதீர்கள்

போன வாரம் மறுபடியும் இதே தப்போடு ஒன்று வந்தது. வாடிக்கையாளர்களின் புகார் மெயில்களைக் கையாளும் மென்பொருள். ஒவ்வொரு புகாருக்கும் எத்தனை நிமிடத்தில் பதில் போனது என்று கணக்குக் காட்டும். சிங்கப்பூரிலிருந்து காலை 11:00க்கு ஒரு புகார். சென்னையிலிருந்து 8:50க்குப் பதில். அதாவது, புகார் வருவதற்கு 130 நிமிடம் முன்பே பதில் போய்விட்டது! ப்ரோகிராம் எழுதிய தம்பி, கணக்கு மைனஸில் வருகிறதே என்று மைனஸ் குறியை நீக்கிவிட்டார். உண்மையில் 20 நிமிடத்தில் பதில் எழுதிய பெண்ணின் பெயரில் 130 நிமிடத் தாமதம் ஏறியது. இப்படியே மூன்று மாதம்.

மெயிலின் தலைப்பகுதியில் வரும் விவர வரிகளில், அதாவது ஹெடரில், இருந்தது '4 ஜூன் 2024 11:00:00 +0800'. அந்த +0800 என்ற வாலை வெட்டி எறிந்திருந்தார். ஏன் என்று கேட்டால், "அது டைம் ஸோன்தானே சார், நேரம் முன்னாடியே வந்துடுதே" என்கிறார்.

வரவில்லை. வால் இல்லாத 11:00 என்பது எந்த ஊர் 11:00? அனுப்பியவர் ஊர்க் கடிகாரம் 11 காட்டுகிறது, அந்தக் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு நேரம். யுடிசியில் 3:00, நமக்குக் காலை 8:30. பிளஸ் இருந்தால் கழித்தால்தான் யுடிசி கிடைக்கும். பிளஸைப் பார்த்ததும் கூட்டிவிடுகிறவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், நம் இந்திய வாலான +0530 என்பது ஐந்நூற்று முப்பது அல்ல. முதல் இரண்டு இலக்கம் மணி, அடுத்த இரண்டு நிமிடம். 100ஆல் வகுத்து 5.3 மணி என்று எடுத்தால் 5 மணி 18 நிமிடம்தான் வரும். 12 நிமிடம் காணாமல் போகும். +0800 மெயிலை வைத்து டெஸ்ட் செய்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குக் குளிர்காலத்தில் -0330. பைத்தான் மொழியில் -330ஐ 100ஆல் முழு எண்ணாக வகுத்தால் ஈவு -4, மீதி 70. மைனஸ் குறியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வகுக்க வேண்டும்.

இதையெல்லாம் நீங்களே எழுதாதீர்கள், தயவுசெய்து. பைத்தானின் ஈமெயில் லைப்ரரியில் இதற்கென்றே பார்ஸ்டேட்-டு-டேட்டைம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. வெறும் பார்ஸ்டேட்டை எடுத்துவிடாதீர்கள், அது வாலைத் திருப்பித் தராது. -0000 வந்தால் நேரம் யுடிசியில் இருக்கிறது, அனுப்பியவர் எந்த ஊர் என்பது மட்டும் தெரியாது என்று பொருள். நீங்கள் அனுப்பும் மெயிலில் இந்திய நேரம் என்று காட்ட 'ஐஎஸ்டி' என்று எழுத வேண்டாம்; இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன. மெயில் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலையான ஆர்எஃப்சி 5322, வாலை இலக்கத்தில்தான் எழுதச் சொல்கிறது.

பழைய மெயிலில் இருக்கும் வாலை இன்றைய அறிவை வைத்துத் திருத்தவும் கூடாது. 2000ஆம் ஆண்டுக் கொழும்பு மெயிலில் +0600 இருந்தால் அது சரிதான். இலங்கை 1996 மே மாதம் +0630க்குப் போய், அந்த அக்டோபரில் +0600க்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் +0530க்குத் திரும்பியது.

இன்னொன்று. ஹெடரின் தேதி, அனுப்பியவரின் கணினி சொல்வது. அந்தக் கடிகாரம் தப்பாக ஓடினால் தேதியும் தப்பு. ஒருவரின் வேலையை நிமிடக் கணக்கில் அளக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் சர்வர் மேலே எழுதிவைக்கும் 'ரிசீவ்டு' வரியின் நேரத்தை எடுங்கள்.

டேட்டாபேஸில் யுடிசி நேரத்தையும், ஹெடர் வரியை வந்தபடியே முழுசாகவும் சேமியுங்கள். இந்த மென்பொருளின் டேட்டாபேஸில் வால் வெட்டிய நேரம் மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, மெயில் சர்வரில் மூல மெயில்கள் அழியாமல் இருந்தன. அவற்றிலிருந்துதான் அந்தப் பெண்ணின் மூன்று மாதக் கணக்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்தோம்.