விற்பனை முறிந்ததா? ஏஜென்டை மாற்றுமுன் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

லண்டனில் வீடு வாங்கல், விற்றல் சட்ட வேலை பார்க்கிற எனக்கு அடிக்கடி வரும் போன் இது: "அண்ணை, வாங்குற ஆள் விலகிட்டார். ஏஜென்ட் சரியில்லை, வேற ஆளிட்டைக் குடுக்கப்போறன்." செய்தி வந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் தெருமுனையில் இருக்கும் இன்னொரு ஏஜென்டிடம் பேசி, அவரும் படம் எடுக்க நாளைக்கே ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருப்பார். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் போடும் கையெழுத்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு கமிஷன் கட்ட வேண்டி வரலாம். 5 லட்சம் பவுண்டு வீட்டுக்கு 1.5 சதவீதக் கமிஷனும் அதன்மேல் 20 சதவீத வாட் வரியும் சேர்த்தால் 9,000 பவுண்டு. அது இரண்டு தடவை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலை பேசி முடித்து, மெமோரண்டம் ஆஃப் சேல் (பேசிய விலையை எழுதி ஏஜென்ட் அனுப்பும் குறிப்பு) அனுப்பி, வாசலில் 'சோல்ட்' பலகை நட்டாலும் சட்டப்படி ஒன்றும் முடிந்துவிடவில்லை. எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, ஆகும்வரை யாரும் காரணம் சொல்லாமலே விலகலாம், நஷ்டஈடு கேட்க வழி இல்லை. பொதுவாக 10 சதவீத முன்பணம் கட்டுவதே அந்த எக்ஸ்சேஞ்ச் நேரத்தில்தான். ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. (ஸ்காட்லாந்தில் முறை வேறு. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சரி, விற்பனை ஏன் முறிந்தது? இதை ஏஜென்டிடம் ஈமெயிலில் கேளுங்கள், உங்கள் சொலிசிட்டரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவர் வீடு விற்றால்தான் அடுத்தவர் வாங்கலாம் என்று நீளும் சங்கிலியில் கீழே இருந்த யாரோ விலகியிருக்கலாம், வங்கியின் மதிப்பீடு விலையைவிடக் குறைவாக வந்திருக்கலாம், சர்வேயில் ஈரமோ விரிசலோ வந்திருக்கலாம், குத்தகை வீடென்றால் லீஸில் மிச்சமுள்ள காலம் 80 வருடத்துக்குக் கீழே போயிருக்கலாம். என் மேசைக்கு வருபவற்றில் அதிகம் பார்ப்பது காகிதக் கோளாறு. அதை எந்த ஏஜென்டாலும் சரிசெய்ய முடியாது, வீட்டோடு சேர்ந்தே அடுத்த ஏஜென்டிடமும் வரும்.

ஹாரோ பக்கத்து வீடு ஒன்றைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் காணமுடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பின்னால் எக்ஸ்டென்ஷன் கட்டி, மேலே லாஃப்டையும் அறையாக்கியிருந்தார்கள். பிளானிங் அனுமதி பத்திரமாக இருந்தது. கட்டிய வேலை விதிப்படி இருக்கிறது என்று பில்டிங் கன்ட்ரோல் கொடுக்கும் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இல்லை, ஏனென்றால் கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு யாரும் கூப்பிடவே இல்லை. "பில்டர் எல்லாம் முடிஞ்சுதெண்டு சொன்னவர்" என்றார் வீட்டுக்காரர். வாங்குபவரின் சொலிசிட்டர் திரும்பத் திரும்பக் கேட்க, இவர் திரும்பத் திரும்பத் தேட, வாரங்கள் ஓட, வாங்க வந்தவர் சலித்துப் போய்விட்டார். ஏஜென்டை மாற்றினார்கள். புதியவர் சீக்கிரமே ஆள் கொண்டுவந்தார், அந்த ஆளின் சொலிசிட்டர் அனுப்பிய முதல் கேள்விப் பட்டியலிலும் அதே கேள்விதான்.

இந்த இடத்தில் ஒன்று. பதறிப்போய் கவுன்சிலுக்குப் போன் போடாதீர்கள். இதற்கு இரண்டு வழி உண்டு: விட்டுப்போன கடைசி இன்ஸ்பெக்ஷனைச் செய்து சர்டிஃபிகேட் தரும்படி கவுன்சிலிடம் கேட்பது (பில்டிங் கன்ட்ரோலுக்குச் சொல்லாமலே கட்டியிருந்தால் ரெகுலரைசேஷன் சர்டிஃபிகேட்), அல்லது பின்னால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுப்பது. கவுன்சில் வழியில் போனால் சுவரையோ கூரையையோ திறந்து காட்டச் சொல்லலாம். இன்ஷூரன்ஸ் வழி எளிது, மலிவு, ஆனால் இந்த விஷயமாக நீங்கள் ஏற்கெனவே கவுன்சிலோடு பேசியிருந்தால் பெரும்பாலும் பாலிசி தரமாட்டார்கள். எது முதலில் என்று உங்கள் சொலிசிட்டர் சொல்லட்டும்.

ஏஜென்டையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு, மறுக்கவில்லை. வாங்குபவருக்குக் கடன் கிடைக்குமா, அவர் தன் வீட்டை விற்றாக வேண்டுமா என்று விசாரிக்காமலே ஆஃபரை ஏற்கச் சொன்னவர், விலை பேசியபின் காணாமல் போனவர், பிரச்சினை வந்ததை உங்களுக்கு உங்கள் சொலிசிட்டர்தான் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அவர், இவர்களிடம் இரண்டாம் முறை வீட்டைக் கொடுப்பதில் பொருளில்லை. மற்றபடி நல்ல ஏஜென்ட் என்றால், முன்பு ஆஃபர் போட்டுத் தோற்ற மற்றவர்களுக்கு விற்பனை முறிந்த அன்றைக்கே போன் போட்டிருப்பார். போட்டாரா என்று இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், ஆளின் தரம் தெரிந்துவிடும்.

இனி ஒப்பந்தம். 'சோல் ஏஜென்சி' என்றிருந்தால், அந்தக் காலத்துக்குள் வேறு ஏஜென்ட் விற்றாலும் பழையவருக்குக் கமிஷன் உண்டு, நீங்களே ஆள் பிடித்தால் இல்லை. 'சோல் செல்லிங் ரைட்ஸ்' என்றிருந்தால் கோயிலில் சந்தித்த தெரிந்தவருக்கே விற்றாலும் கமிஷன் உண்டு. 'ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள்' என்ற வரி இருந்தால், வாங்க ஆள் தயாராக இருக்கும்போது நீங்களே விலகினாலும் கட்ட வேண்டி வரலாம். இவற்றின் அர்த்தத்தை ஏஜென்ட் எழுத்தில் விளக்கியாக வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டமும் 1991 விதிகளும் சொல்வது. இருந்தும் கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது படித்ததாக எனக்குச் சொன்னதில்லை.

பலர் தவறாக நினைப்பது கால அளவைத்தான். 12 வாரம் என்று போட்டிருந்தால் 12 வாரத்தில் தானாக முடிந்துவிடும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படி முடியாது, நீங்கள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், நோட்டீஸ் காலம் பலவற்றில் 14 நாள். ஒரு நல்லது என்னவென்றால், விலை பேசி முறிவதற்குள்ளேயே மாதங்கள் போயிருக்கும் என்பதால் கட்டாயக் காலம் அனேகமாகத் தாண்டியிருக்கும், நோட்டீஸ் மட்டும்தான் பாக்கி. ஈமெயிலில் கொடுத்து, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டாமல் புதியவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோட்டீஸோடு, பழையவர் மூலம் வீட்டைப் பார்த்தவர்களில் யார் யாருக்காகக் கமிஷன் கேட்பார் என்று பட்டியலும் கேளுங்கள். விலகிய அதே ஆள் இரண்டு மாதம் கழித்துப் புதிய ஏஜென்ட் வழியாகத் திரும்பி வருவதுண்டு, அப்போதுதான் இரட்டைக் கமிஷன் சண்டை. 2008இல் ஃபாக்ஸ்டன்ஸ் நிறுவனம் கமிஷன் கேட்ட வழக்கில், வீட்டைச் சுற்றிக் காட்டியது மட்டும் போதாது, அந்த வாங்கலுக்கே ஆளைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஏஜென்டுகள் மேலான புகார்களைத் தீர்க்கும் ப்ராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மேனின் நடத்தை விதிகளும் எல்லை போடுகின்றன: பழையவர் அறிமுகப்படுத்திய ஆளுக்கு, ஒப்பந்தம் முடிந்து 6 மாதத்துக்குள் இன்னொரு ஏஜென்ட் விலைபேசி முடித்து, பிறகு எக்ஸ்சேஞ்சும் ஆனால் பழையவர் கமிஷன் கேட்கலாம், நடுவில் வேறு ஏஜென்டே இல்லையென்றால் அது 2 வருடம்.

புதியவர் பழையவரைவிட 40,000 அதிகம் விலை சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் வீட்டை விற்கும் வேலை தன் கைக்கு வருவதற்காக அவர் சொல்லும் விலை அது, ஆறு வாரத்தில் குறைக்கச் சொல்வார். முதல் சர்வேயில் வந்த கோளாறை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். வாங்குபவரின் முடிவைப் பாதிக்கும் தகவலை மறைப்பது ஏஜென்டுக்குச் சட்டவிரோதம், வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் நீங்கள் பொய் எழுதினால் வழக்கு உங்கள்மேல் வரும். எனர்ஜி சர்டிஃபிகேட் 10 வருடம் செல்லும், இன்னொன்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய படங்கள் பெரும்பாலும் பழைய ஏஜென்டுக்குச் சொந்தம், புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

பழையவர் பில் அனுப்பி அது நியாயமில்லை என்று தோன்றினால், முதலில் அவருக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால் அவர் எந்தத் தீர்வு அமைப்பில் உறுப்பினரோ அங்கே போகலாம், உங்களுக்குச் செலவில்லை. ஏதாவது ஓர் அமைப்பில் அவர் கட்டாயம் இருந்தாக வேண்டும், எது என்று அவருடைய இணையதளத்தில் பாருங்கள். அந்த பில்லை உங்கள் சொலிசிட்டருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். வீடு கைமாறும் கம்ப்ளீஷன் நாளில் விற்ற பணத்திலிருந்து ஏஜென்டின் கமிஷனைக் கழித்துக் கட்டுவது வழக்கமாக அவர்தான், தகராறு இருப்பது அவருக்கு முன்னமே தெரிய வேண்டும்.