திறக்காத கண்ணில் சீழ்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருக்கோடியில் ஓடாமல் நிற்கும் ஆட்டோவுக்கு அடியில் ஒரு நாய் நான்கு குட்டிகள் ஈன்றிருந்தது. ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை அழைத்து அவற்றில் ஒன்றைக் காட்டினார்: “கண் இன்னும் திறக்கவில்லை, தம்பி. ஆனால் இமை புடைத்திருக்கிறதே, தாய்ப்பால் விடலாமா?”

வேண்டாம் என்றேன். பாலில் கிருமிகள் நன்றாகவே வளரும்.

நாய்க்குட்டி பிறக்கும்போது மேலிமையும் கீழிமையும் ஒட்டியிருக்கும். இது குறையன்று. உள்ளே விழித்திரை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணீரும் போதிய அளவு சுரக்காது. அதுவரை இமைதான் கண்ணுக்குக் கதவு. பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களுக்குள் தானே திறந்துகொள்ளும். புதிதாகத் திறந்த கண் மங்கலான நீலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

சிக்கல், கதவுக்குப் பின்னால் கிருமி புகுந்துவிட்டால்தான். தாயின் பிறப்புப் பாதையிலிருந்தோ அழுக்குப் படுக்கையிலிருந்தோ வரும் பாக்டீரியா, பல நேரங்களில் ஸ்டெஃபிலோகாக்கஸ், உள்ளே பெருகும். சீழ் வெளியேற வழியில்லை. இமை புடைக்கும், மூக்கோரத்து மூலையில் மஞ்சளாக ஒரு சொட்டு கசியும். தேங்கிய சீழ் கருவிழியை அரித்தால் புண்ணாகும். முற்றினால் ஓட்டையே விழும். ஆகவே, “நாள் வந்தால் தானே திறக்கும்” என்று காத்திருப்பது இங்கே ஆபத்து.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை இமைமேல் சில நிமிடங்கள் வைத்தால் காய்ந்த பொருக்கு இளகும். நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான். நகத்தால் பிரிக்கக்கூடாது. ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் குட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனோம். மருத்துவர் இமையை மெல்லப் பிரித்துச் சீழைக் கழுவினார். பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தார். முழுமையான கருவிழியில் அந்தச் சாயம் ஒட்டாது. புண் இருக்கும் இடத்தில் மட்டும் பச்சையாக ஒளிரும். ஒளிரவில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை யாரும் விட்டுவிடக்கூடாது என்பது இதனால்தான்: புண் இருந்தால் அது ஆறவிடாது.

கொடுத்த ஆன்டிபயாட்டிக் களிம்புக்கு இரண்டு வேலை. கிருமியைக் கொல்வது ஒன்று. காலத்துக்கு முன்பே திறந்துவிட்ட கண் காயாமல் கண்ணீருக்குப் பதிலாக நிற்பது மற்றொன்று.

மற்ற மூன்று குட்டிகளின் இமைகளையும் பாட்டி தினமும் பார்க்கிறார். பழைய சாக்கை எடுத்துவிட்டுத் துவைத்த பருத்திப் புடவை ஒன்றை விரித்திருக்கிறார். தாய் நாய்க்கு அது பிடிக்கவில்லை. இரண்டு முறை வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.